ஆர்லிஸின் பிக்கப் ஏன் கத்தியது

மே மாதம் பாதியில் ஒரு நாள் ஆர்லிஸ் வாங்லரின் பிக்கப் யாரும் தொடாமலே கத்த ஆரம்பித்தது. ஹாரன் விட்டு விட்டு அலறும், முன்விளக்குகள் இரண்டும் சிமிட்டும். வங்கிக் கவுண்டரில் இருக்கும் ஆர்லிஸ் எதிரே நிற்பவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து, கதவைத் திறந்து, சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் அது வாயை மூடும். முதல் நாள் கடைத்தெருவே சிரித்தது. மூன்றாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை, வெர்லினைத் தவிர.

வெர்லின் அவளுடைய முன்னாள் கணவன். தானியக் கிடங்கில் வேலை. மதியம் பன்னிரண்டரைக்கு வங்கிக்கு நேர் எதிரே இருக்கும் காபிக்கடையில் ஜன்னலோர மேசையில் வந்து உட்காருவான். பன்னிரண்டே முக்காலுக்கு பிக்கப் கத்தும். ஆர்லிஸ் ஓடிவருவாள். அவன் தோள் குலுங்கச் சிரிப்பது தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எனக்கே தெரியும்.

நான் மார்வா. வங்கிக்கு அடுத்தது யூஜினின் முடிதிருத்தும் கடை, அதற்கு அடுத்தது என்னுடைய வண்டி உதிரிபாகக் கடை. மூன்றும் ஒட்டினாற்போல ஒரே கட்டடம்தான். பிக்கப் கத்தினால் என் கடையில் தொங்கும் பெல்ட்டுகள்கூட ஆடுவதுபோல இருக்கும்.

ஒரு நாள் ஆர்லிஸ் உள்ளே வந்து கைப்பையைக் கவுண்டரில் தொப்பென்று போட்டாள்.

"மேனேஜர் கூப்பிட்டு விட்டாருடி. வண்டியக் கொண்டுபோய் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தணுமாம். இருபது வருஷமா நான் நிறுத்துற இடம் அது. நான் ஏன் நகரணும்?"

"ஹாரன் ரிலேயை மாத்திப் பாத்தியா?"

"மாத்தியாச்சு. ஒயரெல்லாம் பாத்தாச்சு. வண்டியில ஒண்ணும் இல்ல மார்வா. அவன்தான். அங்க உக்காந்து சூப்பு குடிச்சிக்கிட்டே பாக்கெட்டுக்குள்ள கைய விட்டு ரிமோட்டை அமுக்குறான்."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமாக்கும். இருபத்தாறு வருஷம் அவனோட குடித்தனம் பண்ணியிருக்கேன்."

விஷயம் இதுதான். பிக்கப் 2001 மாடல். சாவி வெறும் இரும்பு. பூட்டித் திறக்கவும் ஆபத்துக்கு ஹாரன் அடிக்கவும் தனியாகச் சின்ன ரிமோட். வாங்கும்போது இரண்டு ரிமோட் வந்தன. ஒன்று அவனிடம், ஒன்று அவளிடம். அவளுடையது ஒரு நாள் காணாமல் போயிற்று. நீதான் எங்கேயோ போட்டாய் என்று அவள், உன் பொருளை நான் ஏன் தொடப்போகிறேன் என்று அவன். அந்தச் சண்டை முடியவேயில்லை, கல்யாண வாழ்க்கைதான் முடிந்துபோனது. இரண்டு வருஷத்துக்கு முன் பிரிந்தபோது பிக்கப் அவளுக்கு வந்தது. இரண்டு ரிமோட்டையும் அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றே அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ஏன் இவ்வளவு கவலை?" என்றேன். "புது ரிமோட் ஒரு ஜோடி வரவழைச்சிடலாம். புதுசை வண்டிக்குப் பழக்கிவிட்டா, பழசு எல்லாத்தையும் அது அந்த நிமிஷமே மறந்துடும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அவன் உக்காந்து நாள் பூரா அமுக்கினாலும் ஒண்ணும் நடக்காது."

மூன்று வாரமாக அவள் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு அன்று வந்தது. "அவன் அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போடுறதை நான் இங்க நின்னு பாக்கணும்," என்றாள். "இன்னைக்கே சொல்லி அனுப்பு."

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இல்லை. வெர்லின் எனக்கும் நண்பன்தான். குளிர்காலத்தில் என் கடை வாசலில் பனி குவிந்தால் கேட்காமலே தள்ளிவிட்டுப் போகிறவன். அவன் குசும்பன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தியை மூன்று வாரம் ஓடவைத்துப் பார்க்கிற அளவுக்கா என்று மனசு அடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை ரிமோட்டுகள் வந்தன. ஆர்லிஸ் மதியச் சாப்பாட்டு நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு பன்னிரண்டரைக்கு வந்தாள். பிக்கப்பை என் கடை வாசலுக்கு நகர்த்தி நிறுத்தினோம். அவள் ஓட்டும் இடத்தில், நான் பக்கத்தில், கையில் ரிமோட்டோடு வந்த காகிதம்.

"கதவெல்லாம் மூடியிருக்கணும்," என்று வாசித்தேன். "சாவியப் போட்டு, அணைஞ்ச இடத்துலேருந்து ஓடுற இடத்துக்கு எட்டு தடவை திருப்பணும். பத்து செகண்டுக்குள்ள. எட்டாவது திருப்புல அப்படியே விட்டுடணும். வண்டி கதவையெல்லாம் தானே பூட்டித் திறக்கும். அதுதான் வண்டி 'சரி, சொல்லு'ங்கிறதுக்கு அடையாளம். அப்புறம் ஒவ்வொரு ரிமோட்லயும் ஒரு பட்டனை அமுக்கணும்."

"அவ்வளவுதானா," என்று திருப்ப ஆரம்பித்தாள். திருப்பி முடித்தாள். வண்டி ஒன்றும் சொல்லவில்லை.

"ஏழுதான்டி ஆச்சு," என்றேன்.

"எட்டு."

"ஏழு. நடுவுல ஒரு தடவை பாதியிலயே திரும்பிட்ட."

"வங்கியில வேலை பாக்குறவளுக்கு எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதுங்கிறியா?"

இரண்டாவது தடவை நான் வாய்விட்டு எண்ணினேன். சரியாக எட்டு. ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை வேகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாகத் திருப்பினாள், மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. நான்காவது தடவைக்கு என்னை ஓட்டும் இடத்தில் உட்காரச் சொன்னாள். நான் திருப்பியபோது அவள் எண்ணினாள், ஒன்பது வந்தது. இரண்டு பேரும் காகிதத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் படித்தோம். சாவியை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினோம்.

அப்போதுதான் ஹாரன் அலறியது. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. நான் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். கண்ணாடி வழியாக எதிரே பார்த்தால் ஜன்னலோரத்தில் வெர்லின். தோள் குலுங்குகிறது.

"இருடா," என்றாள் ஆர்லிஸ். வண்டியைக் கத்தவிட்டுவிட்டே இறங்கித் தெருவைக் கடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

காபிக்கடையில் வியாழன் என்றால் உருளைக்கிழங்கும் மாவு உருண்டையும் போட்ட சூப். பாதி ஊர் அங்கேதான் இருந்தது. ஆர்லிஸ் அவன் மேசைக்கு முன் போய் நின்றாள்.

"குடு."

வெர்லினின் ஒரு கையில் கரண்டி, மறு கையில் ரொட்டி. இரண்டையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். "ரொட்டியா?"

"ரிமோட்டைக் குடு."

"அது எங்கிட்ட இல்ல ஆர்லிஸ்."

"பாக்கெட்டைக் காட்டு."

அவன் எழுந்து நின்று பாக்கெட்டுகளை வெளியே இழுத்து மேசையில் கொட்டினான். ஒரு பேனாக்கத்தி, பல்குச்சி, கசங்கிய ரசீது, ஒரு கைப்பிடி கோதுமை. வெளியே பிக்கப் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது, ஏனென்றால் அவனுடைய இரண்டு கைகளும் எங்கள் கண் முன்னால்தான் இருந்தன.

"அப்ப ஏன் சிரிக்கிற தினமும்?" என்றாள் ஆர்லிஸ். குரல் இறங்கியிருந்தது.

"நீ ஓடிவர்றதைப் பாத்தா சிரிப்பு வருது. செருப்பைக் கழட்டிக் கைல புடிச்சிக்கிட்டு ஓடுற. யாரு வந்தாலும் சிரிப்பாங்க." சுற்றி இருந்தவர்கள் சூப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். "ரிமோட்டு கிடங்கு வண்டியில கெடக்கு. இரு, எடுத்துட்டு வரேன். அப்புறம் திருடன்னு சொல்லாத."

அவன் போய் எடுத்துவந்தான். நான் நகத்தால் நெம்பித் திறந்து பார்த்தேன். உள்ளே பேட்டரி பச்சை பூத்து ஒட்டிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காகச் செத்துக் கிடக்கிறது.

"இது கத்தாது ஆர்லிஸ்," என்றேன். "எலி கடிச்சாக்கூட கத்தாது."

ஹாரன் நின்றது. பிறகு, வேண்டுமென்றே செய்ததுபோல, மறுபடி அலற ஆரம்பித்தது.

ஆர்லிஸ் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் முழுக்க அவனைப்பற்றிச் சொல்லிவைத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் மன்னிப்பு கேட்கிறவர்கள் தரையைப் பார்த்துக் கேட்பார்கள், அதை ஏற்றுக்கொள்கிறவர்கள் வானிலையைப் பற்றிப் பதில் சொல்வார்கள்.

"நான் நெனச்சேன், நீதான்னு," என்றாள் மேசையைப் பார்த்து. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அது தப்பு."

"மேற்கால மேகம் கட்டுது," என்றான் வெர்லின். கோதுமையைப் பொறுக்கித் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பிறகு, "ஒண்ணு சொல்லவா? திங்கக்கிழமை கத்துறதில்ல," என்றான்.

"என்ன?"

"நான் தினமும் இதுக்காகவே இங்க உக்காந்து பாக்குறேன். எனக்குத் தெரியாதா? மூணு வாரத்துல ஒரு திங்கக்கிழமைகூட அது கத்தல. அன்னைக்கு எனக்குச் சூப்பே எறங்காது."

திங்கட்கிழமை. நான் மனசுக்குள் கடைத்தெருவை ஒரு தடவை நடந்து பார்த்தேன். வங்கி உண்டு, நான் உண்டு, காபிக்கடை உண்டு. திங்கட்கிழமை மூடியிருப்பது ஒரே ஒரு கடை.

"யூஜின்," என்றேன்.

மூன்று பேரும் தெருவைக் கடந்தோம். போகிற வழியில் ஆர்லிஸ் சாவியைப் போட்டு வண்டியை அடக்கினாள். நான் வெர்லினிடம், "உனக்கு அங்க ஏதாவது தோணலியா, முடி வெட்டப் போனப்ப?" என்று கேட்டேன். அவன் தொப்பியைத் தூக்கிக் காட்டினான். தலை பளபளவென்று இருந்தது. "நான் அந்தக் கடைப் படியேறி பதினஞ்சு வருஷம் ஆச்சு," என்றான்.

உள்ளே யூஜின் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். காத்திருக்கிறவர்களுக்காகப் போட்ட மெத்தை வைத்த சாய்வு நாற்காலியில் டெல்பர்ட் படுத்த மாதிரி உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற டெல்பர்ட் நூற்றைம்பது கிலோவுக்குக் குறையமாட்டார். மதியம் சாப்பிட்டதும் அங்கே வந்து செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

வெர்லின் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அது என் சேர்," என்றான்.

பச்சையும் காவியும் கட்டம் போட்ட நாற்காலி. பிரியும்போது வீட்டிலிருந்து அவன் கேட்ட ஒரே பொருள் அதுதான். கேட்டான் என்பதற்காகவே ஆர்லிஸ் அதைத் தேவாலயத்துக்குத் தூக்கிக் கொடுத்தாள். அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதற்கப்புறம் அது எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை.

"தேவாலயத்துல நிலவறையில கெடந்துச்சு," என்றார் யூஜின். "போன மாசம் பழைய சாமான் விக்கும்போது வாங்கினேன். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"டெல்பர்ட்டு, கொஞ்சம் எந்திரிங்க," என்றான் வெர்லின்.

டெல்பர்ட் கண்ணைத் திறந்தார். "நான் வரிசையில இருக்கேன்."

"நீங்க மூணு வாரமா வரிசையில இருக்கீங்க. எந்திரிங்க."

அவர் முனகிக்கொண்டே எழுந்ததும் வெர்லின் முழங்காலிட்டு, கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவே முழங்கை வரை கையை விட்டான். அந்த நாற்காலியின் குடல் அவனுக்கு மனப்பாடம். முதலில் ஒரு பென்சில் வந்தது. அடுத்து, செய்தித்தாளிலிருந்து கிழித்து மடித்த குறுக்கெழுத்துப் புதிர், முக்கால்வாசி நிரப்பியது. அடுத்து ஊதா நிறச் சட்டம் போட்ட படிப்புக் கண்ணாடி. கடைசியில் ரிமோட். அதை வெளியே இழுக்கும்போது பட்டன் அமுங்கி, வெளியே பிக்கப் ஒரு வாட்டி கத்தியது. அவன் மறுபடி அமுக்கினான், நின்றது.

ஆனால் அவன் ரிமோட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது உன்னது."

ஆர்லிஸ் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"இந்தச் சேர் அசிங்கம், வீட்டுக்கே கேடுன்னு சொன்னவ நீ. யாராவது வந்தா மேல துணியப் போட்டு மூடுவ."

"அசிங்கந்தான்."

"அப்ப உன் கண்ணாடி, உன் பென்சிலு, உன் ரிமோட்டு எல்லாம் இதுக்குள்ள என்ன பண்ணுது?"

ஆர்லிஸின் காது சிவந்தது. யூஜின் கூட்டுவதை நிறுத்தியிருந்தார். டெல்பர்ட் நன்றாக விழித்துவிட்டிருந்தார்.

"அறுப்பு சமயத்துல நீ வர ரொம்ப நேரம் ஆகும்," என்றாள் கடைசியில். "வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. அதுல உக்காந்தா..."

"உக்காந்தா?"

"முதுகுக்கு நல்லா இருந்துச்சு. போதுமா? உன் வண்டி சத்தம் கேட்டதும் எந்திரிச்சிடுவேன்."

வெர்லின் முழங்காலில் இருந்தபடியே சிரிக்க ஆரம்பித்தான். ஜன்னலோரத்தில் தோள் குலுங்கச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு இல்லை. சத்தமே வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. "இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு தடவையும் நான் வந்து உக்காரும்போது சேர் சூடா இருக்கும். பூனைன்னு நெனச்சேன்."

"பூனை செத்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"அதான் எனக்கும் புரியாம இருந்துச்சு."

இப்போது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துகொண்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"கண்டுபிடிச்சாச்சுன்னா நான் திரும்ப உக்காரலாமா?" என்று கேட்டார் டெல்பர்ட்.

நாங்கள் வெளியே வந்தோம். ஆர்லிஸுக்கு வங்கிக்குப் போக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கையில் இப்போது நான்கு ரிமோட்டுகள்: புதுசு இரண்டு, நாற்காலியிலிருந்து வந்தது ஒன்று, வெர்லினின் செத்த ரிமோட் ஒன்று. நான் கடைக்குள் போய்ப் பச்சையைச் சுரண்டித் துடைத்து அதற்குப் புது பேட்டரி போட்டேன். ஏன் போட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"எட்டு தடவை திருப்பியும் கேக்கலியா?" என்றான் வெர்லின். "முதல்ல கதவுல இருக்குற பட்டனால பூட்டைத் திறந்தீங்களா?"

"காகிதத்துல அப்படி ஒண்ணும் இல்ல," என்றேன்.

அவன் காகிதத்தை வாங்கித் திருப்பினான். பின்பக்கம் கொட்டை எழுத்தில் முதல் வரியே அதுதான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நான் ஸ்பார்க் பிளக் விக்கிறவ," என்றேன்.

மூன்று பேரும் முன் இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தோம். நடுவில் நான். வெர்லின் மறுபக்கக் கதவோரம். கதவுகளை மூடினோம். ஆர்லிஸ் பட்டனை அமுக்கிப் பூட்டைத் திறந்தாள், சாவியைப் போட்டாள். வெர்லின் எண்ணினான், சந்தையில் மாடு ஏலம் விடுகிற மாதிரி தாளத்தோடு. எட்டாவது திருப்பில் அவள் கையை எடுத்தாள்.

டக். டக். இரண்டு கதவின் பூட்டும் விழுந்து எழுந்தன.

"கேட்டுக்கிச்சு," என்றாள் ஆர்லிஸ், மெதுவாக, குழந்தை தூங்குகிற அறையில் பேசுவதுபோல.

"அமுக்கு, அமுக்கு. இருபது செகண்டுதான்," என்றேன்.

அவள் முதல் புது ரிமோட்டை அமுக்கினாள். டக். இரண்டாவது. டக். நாற்காலிக்குள் கிடந்தது. டக். நான்காவது என் உள்ளங்கையில் இருந்தது. நான் அதை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் நடுவிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அமுக்காமல் விட்டால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. சில நாட்களுக்கு முன் அவள் ஆசைப்பட்டதே அதற்குத்தான்.

வெர்லின் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டான். "உன் வண்டி. உன் இஷ்டம்," என்றான்.

ஆர்லிஸ் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தாள். எனக்கு செகண்டுகள் காதில் கேட்டன. பிறகு அவள் என் கையிலிருந்து ரிமோட்டை எடுத்து, என் மடிக்குக் குறுக்கே நீட்டி, அவன் முழங்காலில் வைத்தாள்.

"ஜனவரில நான் எங்கயாவது பனியில சிக்கிக்கிட்டா வந்து எடுக்குறதுக்கு ஒரு ஆள் வேணும். சீக்கிரம் அமுக்கு."

அவன் அவசரத்தில் தவறவிட்டான். ரிமோட் காலடியில் விழுந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் என் தலையும் அவன் தலையும் முட்டிக்கொண்டன. அவன் கீழேயே கிடக்கவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினான்.

டக்.

அவள் சாவியை அணைத்ததும் பூட்டுகள் கடைசியாக ஒரு தடவை விழுந்து எழுந்தன. ஆர்லிஸ் மணியைப் பார்த்து, கைப்பையை எடுத்துக்கொண்டு வங்கிக்கு நடந்தாள். வெர்லின் ஆறிப்போன சூப்புக்குப் போனான். அவன் அதைக் குடிக்கவில்லை, புதிதாக ஒன்று கேட்டு வாங்கினான் என்று பிறகு தெரிந்தது.

அவர்கள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காபிக்கடையில் அப்படி ஒரு பேச்சு ஓடியது, ஆனால் நடக்கவில்லை. பிக்கப் அதற்கப்புறம் தானாகக் கத்தவில்லை. மேனேஜரும் தண்டவாளத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

ஆனால் ஜூலையில் ஒரு சனிக்கிழமை, நான் கடைக்கு வெளியே எண்ணெய் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிக்கப் என்னைக் கடந்து போயிற்று. பின்னால் ஒரு பழைய துணி துவைக்கும் இயந்திரம், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஓட்டியது வெர்லின். பக்கத்தில் ஆர்லிஸ். ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தன. நான் கை காட்டினேன், அவர்கள் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.